அறைக்கு ஏசி டோஸ் எழுதுறது யாரு?

ஏசி வாங்கப் போறவங்களும், வாங்கிட்டு விடிய விடிய மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கவங்களும் படிக்க வேண்டிய இழை இது. நீளம்தான். பொறுமையா வாங்க.

உங்க குழந்தைக்குக் காய்ச்சல். மருந்துக்கடைக்குப் போறீங்க. கடைக்காரர் எடையைக் கேக்கல, வயசைக் கேக்கல. "பையன் என்ன உயரம் சார்?"னு மட்டும் கேட்டுட்டு, "எதுக்கும் அரை ஸ்பூன் சேர்த்தே குடுங்க, சீக்கிரம் இறங்கிடும்"னு பாட்டிலை நீட்டுறார். சும்மா விட்டுட்டு வருவீங்களா?

ஏசி ஷோரூம்ல தினமும் நடக்குறது இதுதான்.

"ரூம் சைஸ் என்ன சார்?"
"பத்துக்குப் பன்னெண்டு."
"ஒரு டன் போதும்... ஆனா எதுக்கும் ஒன்றரை டன்னாப் போட்டுடுங்க சார். சட்டுன்னு கூலாகும். இஎம்ஐல பெரிய வித்தியாசம் தெரியாது."

அவ்வளவுதான். அரை நிமிஷம். அடுத்த பத்து வருஷம் உங்க குடும்பம் எந்தக் காத்துல தூங்கப் போகுதுங்கிறதை முடிவு பண்ணியாச்சு.

பாராசிட்டமால் மாதிரி சாதாரண மருந்தைக்கூட நாங்க குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்னு கணக்குப் போட்டுத்தான் எழுதுறோம். நாற்பதாயிரம் ரூபா மெஷினுக்கு அந்தக் கணக்குகூடக் கிடையாதா?

"டாக்டர், ஊசி போடுறதை விட்டுட்டு உங்களுக்கு எதுக்கு மெக்கானிக் வேலை?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு வந்தா யாரும் ஷோரூமுக்குத் தூக்கிட்டு ஓடறதில்ல. எங்ககிட்டதான் வர்றீங்க. அதனால பேசுறேன்.

முதல்ல இந்த 'டன்' விவகாரம். ஏசியோட எடை இல்லை அது. ஐஸ் காலத்துக் கணக்கு. 2,000 பவுண்டு ஐஸ்கட்டி 24 மணி நேரத்துல முழுசா உருகணும்னா எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சணுமோ, அந்த வேகம்தான் 1 டன். மணிக்கு 12,000 பிடியூ. வாட்டில் சொன்னா சுமார் 3,500. ஆக ஏசி செய்யறது ஒரே வேலை: அறைக்குள்ள வர்ற வெப்பத்தை வெளியே தள்ளுறது. அப்போ கேக்க வேண்டிய கேள்வி "அறை எவ்வளவு பெருசு?" இல்ல. "அறைக்குள்ள எவ்வளவு வெப்பம் வருது?"

ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைக்கிறீங்களா? ரெண்டு அறையைப் பார்ப்போம். ரெண்டுமே பத்துக்குப் பன்னெண்டு. ரெண்டுமே சென்னை. கீழே இருக்கறதெல்லாம் தோராயக் கணக்குதான், உங்க வீட்டுல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

முதல் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்தது. மே மாசம், சாயங்காலம் நாலரை மணி. வெறும் கான்கிரீட் தளம் வழியா மட்டும் சுமார் 850 வாட் இறங்குது. நாலுக்கு நாலு மேற்கு ஜன்னல், வெறும் கண்ணாடி, வெயில் நேரா அடிக்குது: 750. சுவர்கள் எல்லாம் சேர்த்து 500. கதவு, ஜன்னல் இடுக்குல நுழையற வெளிக்காத்து 400. உள்ளே ரெண்டு பேர் (சும்மா உக்காந்திருக்க மனுஷன் ஆளுக்கு 100 வாட் பல்பு மாதிரி) 200. ஃபேன், டிவி, லைட் 150. கூட்டினா 2,850 வாட்.

ரெண்டாவது அறை நாலு மாடிக் கட்டடத்துல ரெண்டாவது மாடி. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. வடக்குப் பார்த்த ஜன்னல். ஏசி ஓடுறது ராத்திரி மட்டும். தளத்துல இருந்து கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. வெயில் இல்ல. சுவர் 350, வெளிக்காத்து 300, தூங்குற ரெண்டு பேர் 150, ஃபேன் 60. மொத்தமே 900 வாட்டுக்குள்ள.

ஒரே சதுர அடி. வெப்பம் மூணு மடங்கு வித்தியாசம். ஷோரூம்ல ரெண்டு பேருக்கும் கிடைச்ச சீட்டு ஒண்ணுதான்: ஒன்றரை டன், அதாவது 5,275 வாட். ரெண்டாவது அறைக்கு அது தேவையைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல. ஏன், வெயில்ல காயுற முதல் அறைக்கே ஒரு டன்னுக்குள்ள அடங்கியிருக்கு பாருங்க. அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டினா இன்னும் இறங்கும்.

"சரி டாக்டர், பெருசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? சீக்கிரம் குளிரும், அவ்வளவுதானே?"

இங்கதான் உண்மையான பிரச்சினை. கொஞ்சம் நிதானமாப் படிங்க.

ஏசிக்கு ரெண்டு வேலை. ஒண்ணு சூட்டைக் குறைக்கறது. இன்னொண்ணு காத்துல இருக்க ஈரத்தைப் பிழியறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல ரெண்டாவது வேலை முதல் வேலைக்குச் சமம். மேலே 'வெளிக்காத்து 400 வாட்'னு சொன்னேனே, அதுல சூட்டுக்குப் போறது 100 சொச்சம்தான். மிச்சம் முச்சூடும் அந்தக் காத்து சுமந்துட்டு வர்ற ஈரத்தைத் தண்ணியாக்கி வெளியேத்தப் போறது.

ஈரம் எப்படி வெளியே போகும்? காத்து, ஜில்லுனு இருக்க காயில்ல படணும். ஐஸ்வாட்டர் டம்ளர் வெளிப்புறம் வேர்க்குமே, அது மாதிரி காயில் வேர்க்கணும். அந்த வேர்வை சொட்டுச் சொட்டாச் சேர்ந்து, வழிஞ்சு, டிரெயின் பைப்புக்கு வந்து சேரணும். இதுக்கு நேரம் வேணும். கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடணும்.

அளவுக்கு மிஞ்சின ஏசி என்ன பண்ணும்? அஞ்சு நிமிஷத்துல அறைக்காத்தை 24 டிகிரிக்குக் கொண்டுவந்துடும். "என் வேலை முடிஞ்சது"ன்னு கம்ப்ரஸர் நின்னுடும். காயில்ல சேர்ந்த தண்ணி இன்னும் பைப்புக்கே போகல. ஆனா இண்டோர் யூனிட்ல ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும். அந்தக் காத்து காயில்ல நிக்கிற ஈரத்தை மறுபடி எடுத்து உங்க மூஞ்சியிலயே ஊதும். பத்து நிமிஷத்துல திரும்ப ஆன். திரும்ப ஆஃப். விடிய விடிய இதே கூத்து.

விளைவு? அறை ஜில்லுனு இருக்கும், ஆனா நசநசன்னு இருக்கும். தலையணை உறை ஈரமா இருக்க மாதிரி ஒரு உணர்வு. நீங்க என்ன பண்ணுவீங்க? ரிமோட்டை எடுத்து 24ஐ 20 ஆக்குவீங்க. அப்புறம் 18. நசநசப்பு ஈரத்தால வருது, நீங்களோ சூட்டைக் குறைக்கிறீங்க. கால் விரல் விறைக்கும், போர்வை ரெண்டாகும், நசநசப்பு மட்டும் போகாது.

இதுல இன்னொரு ஆபத்து. சென்னையில கோடைக்கால வெளிக்காத்து 25 டிகிரியை ஒட்டின எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணியா மாறத் தொடங்கிடும். நீங்க அறையை 18க்கு இறக்கினா சுவர், பீரோவோட பின்பக்கம், ஜன்னல் ஃபிரேம் எல்லாமே அதைவிடக் குளிர்ச்சியாயிடும். கதவு இடுக்குல நுழையற வெளிக்காத்து அங்கெல்லாம் போய் வேர்க்கும். ஆறு மாசம் கழிச்சு பீரோவை நகர்த்திப் பாருங்க. சுவர்ல கறுப்புப் புள்ளி புள்ளியா ஒண்ணு படர்ந்திருக்கும். அதைத் துணியால துடைச்சு, மேலே ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சு மறைச்சுடறோம். அது பூஞ்சை.

இப்போ என் வேலைக்கு வர்றேன். வீட்டுக்குள்ள ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டத் தாண்ட, மெத்தையில இருக்க தூசி உண்ணிகளுக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதோட கழிவுதான் ஆஸ்துமா, அலர்ஜி தும்மல், எக்ஸிமா இருக்கவங்களுக்குத் தூண்டுகோல். 60ஐத் தாண்டிட்டா பூஞ்சையும் சேர்ந்துக்கும். வீட்டுக்குள்ள ஈரமும் பூஞ்சையும் மூச்சுக்கோளாறை அதிகமாக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் இதுக்குன்னே தனியா ஒரு வழிகாட்டி நெறிமுறை போட்டு, அது 2009லயே வந்தாச்சு.

தெளிவாச் சொல்லிடறேன், பின்னால யாரும் திரிக்கக் கூடாது: பெரிய ஏசி ஆஸ்துமாவை 'உண்டாக்குது'ன்னு நான் சொல்லல. ஏற்கெனவே அந்தத் தன்மை இருக்க குழந்தையை, தூண்டுற பொருளோட சேர்த்து எட்டு மணி நேரம் பூட்டி வைக்குதுன்னு சொல்றேன்.

கிளினிக்ல இதை அடிக்கடி கேக்கறேன். "ஏசி போட்டா பையனுக்கு மூக்கடைப்பு, போடலைன்னா தூக்கம் இல்ல. என்ன சார் பண்றது?" ஏசி எத்தனை டன், அறை எவ்வளவு, எந்த மாடின்னு கேட்டா அம்மாக்கள் விநோதமாப் பார்ப்பாங்க. இன்ஹேலர் எழுதுறேன், அது வேணும், நிறுத்தாதீங்க. ஆனா தூண்டுறதை அறையில வச்சுக்கிட்டு மருந்தை மட்டும் கூட்டிக்கிட்டே போறது குழாயைத் திறந்து விட்டுட்டு தரையைத் துடைக்கிற வேலை.

அடுத்து சேல்ஸ்மேன் கையில இருக்க பெரிய ஆயுதம்: "இன்வெர்ட்டர் ஏசி சார். எவ்வளவு பெருசு வாங்கினாலும் தேவைக்கேத்த மாதிரி தானாக் குறைச்சுக்கும்."

பாதி உண்மை. குறைச்சுக்கும், ஆனா ஒரு எல்லை வரைக்கும். பல மாடல்கள்ல முழுத்திறன்ல 30 சதவீதம் வாக்குலதான் அடிமட்டம் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றரை டன்ல 30 சதவீதம்னா 1,500 வாட்டுக்கு மேல. நம்ம ரெண்டாவது அறைக்குத் தேவையே 900. அப்போ இன்வெர்ட்டரும் நின்னு நின்னுதான் ஓடணும். அதே அறையில ஒரு டன்னோ 0.8 டன்னோ இருந்தா, அடிமட்டம் 1,000ஐ ஒட்டியோ அதுக்குக் கீழேயோ வந்துடும். மெல்ல, நிறுத்தாம ஓடும். இன்னொண்ணு: இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைச்சா காயில் அவ்வளவு ஜில்லுனு இருக்காது, ஈரம் பிழியறதும் குறையும். அதனால ராத்திரி இண்டோர் ஃபேன் வேகத்தைக் குறைச்சு வைங்க. காத்து மெதுவாப் போனா காயில் நல்லா குளிரும்.

பிரோஷர்ல குளிரூட்டும் திறன் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவுன்னு ஒரு வரி இருக்கும். 'ஏஐ கூலிங்', 'டர்போ'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறதைப் படிக்காதீங்க. அந்தக் குட்டி வரியைப் படிங்க.

ரிமோட்ல 16 வச்சா சீக்கிரம் குளிரும்ங்கிற நம்பிக்கை வேற. கிண்டியில இறங்க வேண்டியவர் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தா பஸ் வேகமாப் போகாது சாமி. 2020 ஜனவரியில இருந்து நட்சத்திர முத்திரை வாங்குற அறை ஏசி எல்லாமே ஆரம்ப வெப்பநிலை 24ல வரணும்னு மத்திய அரசு விதி இருக்கு. 25, 26 வச்சு கூடவே சீலிங் ஃபேனை மெல்ல ஓட விட்டா உடம்புக்கு அதே சுகம்தான். ஈரம் குறைஞ்ச அறையில 26 டிகிரி சொர்க்கம்.

இந்நேரம் இன்னொரு கூட்டம் ஆரம்பிச்சிருக்கும்: "எங்க பாட்டி காலத்துல ஏசியா இருந்துச்சு? வேப்பமரக் காத்துல நூறு வயசு வாழ்ந்தாங்க."

அய்யா, உங்க பாட்டி ஓட்டு வீட்டுலயோ சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டுலயோ இருந்தாங்க. சுத்தி மரம் இருந்துச்சு. நீங்க அஞ்சங்குல கான்கிரீட்டுக்குக் கீழே, எதிர்வீட்டு அவுட்டோர் யூனிட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பகல் முழுக்கக் குடிச்ச வெயிலை அந்தத் தளம் ராத்திரி பத்து மணிக்குத்தான் கக்கும். எழுபது வயசு ஆளுக்குத் தாகம் தெரியறது குறைவு, வேர்க்கறதும் குறைவு. இதயத்துக்கோ பிரஷருக்கோ நீர் பிரியற மாத்திரை சாப்பிடுறவர்னா இன்னும் சிக்கல். மனநல மருந்துகள் சிலதும், பீட்டா பிளாக்கரும் உடம்பு சூட்டைச் சமாளிக்கிற திறனைக் கெடுக்கும். உடம்பு வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, பேச்சு குழறுற நிலையில கொண்டுவர்ற ஹீட் ஸ்ட்ரோக் நோயாளியைப் பார்த்தவங்க யாரும் "வேப்பமரக் காத்து"ன்னு பேச மாட்டாங்க. இப்படிப்பட்டவங்க வீட்டுல ஏசி ஆடம்பரம் இல்ல.

அதனாலதான் சின்னதா வாங்குங்கன்னும் நான் பொத்தாம் பொதுவாச் சொல்லல. உச்சி மாடி ஹாலுக்கு ஒரு டன் போட்டு, அது நாளெல்லாம் முக்கி முக்கி ஓடியும் 31க்குக் கீழே இறங்காம கிடந்தா அதுவும் தப்பான டோஸ்தான். வேலூர் மாதிரி 40ஐத் தாண்டுற ஊர்ல இன்னொண்ணையும் கவனிங்க: ஏசியோட திறனை அளக்கறது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. வெளியே சூடு ஏற ஏற ஏசியோட திறன் இறங்கும். அவுட்டோர் யூனிட்டைக் காத்து வராத டக்ட்டுக்குள்ள அடைச்சு வச்சா, அது கக்கின சூட்டையே திரும்பக் குடிக்கும், இன்னும் இறங்கும். '1.5 டன்'னு போட்ட பெட்டி எல்லாமே முழு 5,275 வாட் தராது. 5,000க்கும் கீழே இருக்க மாடல்களும் அதே பேர்ல விக்குது. நட்சத்திர முத்திரை ஒட்டியிருக்க லேபிள்ல வாட் கணக்கு இருக்கும். டன்னை விட்டுட்டு அந்த எண்ணைக் கேளுங்க.

என்னைக் கேட்டா, உச்சி மாடிக்காரங்க முதல்ல செலவு பண்ண வேண்டியது ஏசிக்கு இல்ல, தளத்துக்கு. வெறும் கான்கிரீட் வழியா ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 3 வாட்டுக்கு மேல உள்ளே வரும். குடியிருப்புகளுக்காக 2018ல வந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, 1.2 வாட்டுக்கு மேல வரக்கூடாதுங்குது. நம்ம ஊர்ல எத்தனை பில்டர் இதைப் பார்த்துக் கட்டியிருக்கார்னு நீங்களே கேட்டுப் பாருங்க. வெப்பத்தைத் தடுக்கிற ஒரு அடுக்கு, அதுக்கு மேல வெள்ளை ஓடு. முடியலைன்னா வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளைப் பூச்சாவது. நம்ம முதல் அறையில 850 வாட் இறங்கின தளம் பாதிக்கும் கீழே போயிடும். இது கரண்ட் இல்லாமலே வேலை செய்யும், சர்வீஸுக்கு ஆள் வர வேண்டாம், மின்வெட்டுலயும் நிக்காது. ஷோரூம்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா ஒன்றரை டன் விக்காது.

சேல்ஸ்மேன் பையனைத் திட்டி பிரயோஜனம் இல்ல. அவனுக்கு மாச டார்கெட். "சின்னது குடுத்துட்டீங்க, குளிரவே இல்ல"ன்னு சண்டைக்கு வர்ற வாடிக்கையாளர் உண்டு. "பெருசு குடுத்துட்டீங்க, ஈரம் போகல"ன்னு ஒருத்தரும் வந்ததில்ல. அப்போ அவன் எந்தப் பக்கம் தப்பு பண்ணுவான்? என் கோபம் கம்பெனிகள் மேல. ஆப்ல சதுர அடியும் பட்ஜெட்டும் மட்டும் கேக்கற இவங்களால எந்த மாடி, எந்தத் திசை, ஜன்னல் எவ்வளவு, எத்தனை பேர், எந்த ஊர்னு அஞ்சு கேள்வி சேர்த்துக் கேக்க முடியாதா? வீட்டுக்கு வர்ற இன்ஸ்டலேஷன் ஆள் சுவத்துல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அளந்து பார்க்கக் கூடாதா? அமெரிக்காவுல வீட்டுக்கு ஏசி அளவு முடிவு பண்ண 'மேனுவல் ஜே'ன்னு ஒரு கணக்கு முறையே இருக்கு. இங்க ஆபீஸ் கட்டடத்துக்கு இதே வெப்பக் கணக்கைப் பொறியாளர்கள் போடுறாங்க. வீட்டுக்குன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு "எதுக்கும் ஒரு சைஸ் மேல".

ஒரு சின்ன விஷயம், இதையும் சொல்லிடறேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே கொண்டுவராது. அறைக்காத்தையே சுத்திச் சுத்தி விடும். ஒரு கட்டில்ல அப்பா, அம்மா, ரெண்டு பசங்கன்னு இடுக்கெல்லாம் அடைச்சுட்டுத் தூங்கினா, காலையில அறையில கார்பன் டை ஆக்சைடு வெளிக்காத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். தலை கனமா எழுந்திரிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாத் திறந்து விடுங்க. ராத்திரி ஹால் பக்கக் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தா கரண்ட் பில்லு ஒண்ணும் ஆகாசத்துக்குப் போயிடாது.

"நான் ஏற்கெனவே பெருசா வாங்கி மாட்டிட்டேனே"ன்னு கேக்கறவங்களுக்கு: தூக்கிப் போட வேண்டாம். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கும். கட்டில் பக்கத்துல வைங்க. காலையில எழுந்ததும் ஈரப்பதம் பாருங்க. 50, 55ல இருந்தா உங்க ஏசி ஒழுங்காத்தான் வேலை பார்க்குது, என் இழையை மறந்துட்டுத் தூங்குங்க. 65, 70னு காட்டினா ஃபேன் வேகத்தைக் குறைங்க, டிரை மோடுல போட்டுப் பாருங்க, வெப்பநிலையை 25க்கு மேல வைங்க, ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க. டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளி வைங்க. ரெண்டு பேர் தூங்குற சென்னை அறையில ஒரு ராத்திரிக்கு ரெண்டுல இருந்து நாலு லிட்டர் வரைக்கும் தண்ணி வரணும். ஒரு டம்ளர்தான் வந்திருக்குன்னா மிச்ச ஈரம் உங்க மெத்தையில இருக்கு.

வாடகை வீட்டுல இருக்கவங்க, தளத்துல கை வைக்க முடியாதவங்க, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாத் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க. உள்ளே திரை போட்டா வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துட்ட மாதிரிதான். ஹவுஸ் ஓனர் கேட்டா டாக்டர் எழுதிக் குடுத்ததுன்னு சொல்லுங்க.